அந்த லிஃப்டுக்கு யார் பெட்ரோல் போட்டது?

எங்க வாட்ஸ்அப் குரூப்புல வாரத்துக்கு ஒரு ரீலாவது வந்து விழும். முதுகுல அவன் உயரத்துல பாதிக்கு ஒரு பை, பின்னாடி சிகிரியா பாறை, வாயெல்லாம் பல்லு. கீழே பெரிய எழுத்துல: 'வெறும் பத்தாயிரத்துல இலங்கை மச்சி! போக்குவரத்துச் செலவு ஜீரோ!' லைக் கொட்டும். 'ப்ரோ, பிளான் அனுப்புங்க'ன்னு நூறு பேர் கேட்பாங்க.

கேலி பண்ண எங்களுக்குத் தகுதி இல்ல. 2023 ஜனவரியில நாங்க மூணு பேரும் அதே பாறைக்கு முன்னாடி, அதே மாதிரி பல்லைக் காட்டி நின்னோம். அந்தப் படம் இன்னும் போன்ல இருக்கு. எங்கேயும் போடல. ஏன் போடலன்னு சொல்றதுக்குத்தான் இதை எழுதுறோம். எந்த பஸ், எந்த ஹாஸ்டல், எவ்வளவு ஆகும்னு தெரிஞ்சுக்க வந்தவங்க மன்னிச்சுக்கணும், அதெல்லாம் இதுல கிடையாது.

எங்க கட்சி இதுதான். கஷ்டத்துல கிடக்கிற ஒரு நாட்டுல 'ஜீரோ செலவு' பயணம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நம்ம பர்ஸ்லேருந்து போகலைன்னா அது வேற யார் பர்ஸ்லேருந்தோ போகுது. அது யாருன்னு பார்க்காம வர்றதுக்குப் பேரு சாகசம் இல்ல.

முதல்ல, அந்தப் பயணம் எங்களுக்கு ஏன் அவ்வளவு மலிவா இருந்துச்சுன்னு பார்ப்போம். எங்க சாமர்த்தியம்னுதான் போறப்போ நினைச்சோம். 2022 மார்ச் தொடக்கம் வரைக்கும் ஒரு டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய். அதுவரைக்கும் ரூபாயை இழுத்துப் பிடிச்சிருந்த கையை மத்திய வங்கி விட்டதும், மே மாசத்துக்குள்ள 360. நடுவுல ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குத் திருப்பிக் கட்ட முடியாதுன்னு அரசாங்கமே அறிவிச்சுது. நம்ம ஒரு ரூபாய்க்கு முன்னாடி ரெண்டே முக்கால் இலங்கை ரூபாய் கிடைச்சது, நாங்க போனப்போ நாலரை ரூபாய்க்குப் பக்கம். அங்கே விலைவாசியும் ஏறித்தான் இருந்துச்சு. 2022 செப்டம்பர்ல பணவீக்கம் 70 சதவீதத்துக்குப் பக்கத்துல போச்சு. ஆனா அந்த ஏத்தம் எங்க மேல படல. அவங்க ரூபாய் விழுந்த விழுச்சி எங்களுக்கு அதை ஈடு கட்டிடுச்சு. இலங்கை ரூபாய்ல சம்பளம் வாங்குற ஆளுக்கு அந்த ஈடு இல்ல. நானூத்தம்பது ரூபாய் சோத்துப் பார்சலை 'நூறு ரூபாதான்டா'ன்னு நாங்க சந்தோஷமா பிரிக்கிறப்போ, பக்கத்து பெஞ்சுல ஒருத்தர் பிளேன்டீயும் ஒரு துண்டு பானும் வெச்சு மதியச் சாப்பாட்டை முடிச்சுட்டு எழுந்து போனார். பான்னா நம்ம ஊர் பிரெட். அந்த மனுஷனோட நஷ்டத்துக்கு மறுபக்கம்தான் எங்க லாபம். இதுல எங்க சாமர்த்தியம் எங்கே இருக்கு?

சரி, தம்புள்ளைக்கு வருவோம். மாத்தளை மாவட்டத்துல இருக்கிற இந்த ஊரை சுற்றுலாக்காரங்க அரை நாள்ல முடிச்சுடுவாங்க. குகைக் கோயில் ஏறி, இறங்கி, சிகிரியாவுக்கு வண்டி பிடிச்சுப் போயிடுவாங்க. லிஃப்ட் கேட்டுப் போறவனுக்கு ஆனா இது சொர்க்கம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போற ஏ9 ரோடும், அம்பேபுஸ்ஸவிலிருந்து குருநாகல் வழியா திருகோணமலைக்குப் போற ஏ6 ரோடும் இங்கேதான் சந்திக்குது. அதனாலேயே நாட்டோட பெரிய காய்கறி மொத்தச் சந்தையும் இங்கேதான். 'பொருளாதார மத்திய நிலையம்'னு போர்டு சொல்லும், ஆனா உள்ளே போனா நம்ம கோயம்பேடு ஞாபகம் வரும். நுவரெலியா பக்கத்துலேருந்து கேரட், லீக்ஸ், பீட்ரூட் இறங்குது. சுத்துப்பட்டு ஊர்ல விளையுற பெரிய வெங்காயம் இங்கேயே ஏறுது. ராத்திரி முழுக்க லாரி.

மூட்டை தூக்குறவங்களை அங்கே என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? 'நாட்டாமி'. நம்ம 'நாட்டாமை'தான் சிங்களத்துல அப்படி ஆயிருக்கு. எங்களுக்கு நாட்டாமைன்னா சொம்பு, ஆலமரம், தீர்ப்பு. அங்கே அறுபது கிலோ மூட்டைக்குக் கீழே வளைஞ்ச முதுகு. ரெண்டு கரைக்கும் நடுவுல ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் நடந்திருக்குன்னு அன்னைக்குப் பூரா அதையே பேசிட்டிருந்தோம்.

அந்தச் சந்தையில வியாபாரம் பண்ற விவசாயி ரெண்டு தடவை அடி வாங்கினவர். 2021 ஏப்ரல்ல கோத்தாபய ராஜபக்ச அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே கையெழுத்துல நிறுத்துச்சு. நவம்பர்ல தடையைத் திரும்ப வாங்கினப்போ போகம் போயிருந்துச்சு. அதுக்குப் பின்னாடியே டீசல் இல்ல. விளைஞ்ச கொஞ்சத்தையும் சந்தைக்குக் கொண்டுவர லாரி ஓடல. 2022 ஜனவரியில லிட்டர் 177 ரூபாயா இருந்த பெட்ரோல் ஜூன் கடைசியில 470. காசு வெச்சிருந்தவனுக்கும் கிடைக்கல. நாள் கணக்குல வரிசை. வரிசையில நின்னபடியே செத்தவங்க உண்டு. ஜூலையில ஜனாதிபதி மாளிகைக்குள்ள ஜனம் புகுந்ததை நாம எல்லாரும் போன்ல பார்த்தோம், நீச்சல் குளத்துல குதிச்சதை ஸ்டேட்டஸ்கூட வெச்சோம். ஆகஸ்ட்லேருந்து நாடு முழுக்க க்யூஆர் கோட். வண்டி நம்பரைப் பதிஞ்சு, வாரத்துக்கு இவ்வளவுதான்னு கோட்டா. தொடங்கினப்போ மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. நாங்க போனப்போவும் இந்த ஏற்பாடு அமலில் இருந்துச்சு. 2023 செப்டம்பர்லதான் எடுத்தாங்க. சுற்றுலாப் பயணிகளுக்குன்னு தனியா ஒரு எரிபொருள் பாஸே கொண்டுவந்திருந்தாங்க. அதையும் தாண்டி எங்களுக்கு லிஃப்ட் வேண்டியிருந்துச்சு.

இப்போ எங்க கதை. சந்தைக்கு வெளியே ஏ6 ரோட்டுல கையை நீட்டினோம். பத்து நிமிஷம்கூட ஆகல, ஒரு ஆட்டோ தானா வந்து நின்னுச்சு. நாப்பது வயசிருக்கும் அவருக்கு. சந்தையில சாமான் இறக்கிட்டு இனாமலுவ சந்திப் பக்கம் வீட்டுக்குத் திரும்புறார். 'கொஹெத யன்னே?'ன்னார், எங்கே போறீங்கன்னு. 'சிகிரியா'ன்னோம். 'சல்லி நெஹே, லிஃப்ட்'ன்னு கையை ஆட்டிக் காட்டினோம், காசு இல்லைன்னு சொல்ல இந்த ரெண்டு சிங்கள வார்த்தையை முன்னாடியே மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தோம். இதை இப்போ எழுதறப்போ கூசுது. அவர் சிரிச்சார். 'நகின்ன மல்லி, நகின்ன.' ஏறு தம்பி. மல்லின்னா தம்பி. எங்கள்ல ஒருத்தனுக்கு அன்னையிலேருந்து கொத்தமல்லின்னே பேரு.

இனாமலுவ சந்தி வந்துச்சு. அவர் நிறுத்தல. வலது பக்கம் திரும்பி, பாறை தெரியுற இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அது இன்னும் பத்து கிலோமீட்டர். இறங்கினதும் ஏதோ ஞாபகம் வந்தவங்க மாதிரி ஐநூறு ரூபாயை நீட்டினோம். 'எபா, எபா'ன்னுட்டார். வேண்டாம், வேண்டாம். வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார். நாங்க அந்த இடத்துலயே ஸ்டோரி போட்டோம்: 'ஃப்ரீ ரைட்! லங்கா மக்கள் வேற லெவல்!'

அன்னைக்கு சாயந்தரம் தம்புள்ளையில ஒரு டீக்கடை. கரண்ட் போயிருந்துச்சு, தினமும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெட்டு. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல முதலாளிகிட்ட பெருமையா இந்தக் கதையைச் சொன்னோம். தமிழ் பேசுற முஸ்லிம் பெரியவர். அங்கே எல்லாக் கடைக்காரரும் 'முதலாளி'தான், சிங்களத்துலயும் அதே சொல்தான். முழுசாக் கேட்டார். அப்புறம் கேட்டார்: 'அந்த மனிசன்ட ஆட்டோக்கு கிழமைக்கு எத்தின லீட்டர் தெரியுமா தம்பி? அஞ்சு.'

அவரே கணக்குப் போட்டார். போக பத்து, வர பத்து, இருபது கிலோமீட்டர். ஆட்டோ லிட்டருக்கு இருபத்தெட்டு ஓடும்னு வைங்க. அஞ்சு லிட்டர்னா நூத்தி நாப்பது கிலோமீட்டர். அதுல இருபது. ஏழுல ஒரு பங்கு. 'ஒரு நாள்ட ஓட்டம் தம்பி. உங்களுக்குத் தந்திருக்கார்.'

காசாப் பார்த்தா நம்ம ஊர் அறுபது ரூபாய்க்குள்ள. ஒரு ஃபில்டர் காபி. ஆனா அங்கே அது காசு இல்ல, கோட்டா. நாங்க நீட்டின ஐநூறு ரூபாயை அவர் வாங்கியிருந்தாலும் அந்த முக்கால் லிட்டரை அந்த வாரம் பங்க்ல வாங்கியிருக்க முடியாது. இதைத்தான் நாங்க 'ஃப்ரீ'ன்னு எழுதினோம்.

இதுல இன்னொரு அசிங்கமும் இருக்கு. அவர் கொண்டுபோய் விட்ட சிகிரியாவுல நாங்க ஏறவே இல்ல. வெளிநாட்டுக்காரங்களுக்கு அப்போ 30 டாலர் டிக்கெட், சார்க் நாட்டுக்காரங்களுக்கு அதுல பாதி. மூணு பேருக்குக் கணக்குப் பார்த்தோம், மனசு வரல. எதிர்ல இருக்கிற பிதுரங்கல மலையில சில நூறு ரூபாய் கொடுத்து ஏறி, அங்கேருந்து சிகிரியாவைப் படம் எடுத்துக்கிட்டோம். பேக்பேக்கர் எல்லாரும் சொல்ற தந்திரம் அது. பிதுரங்கல அருமையான இடம், அதைக் குறை சொல்லல. ஆனா என்ன நடந்திருக்கு பாருங்க. அந்த நாட்டுக்கு டாலர் தேவைப்பட்ட நேரத்துல, டாலரா கொடுக்க வேண்டிய இடத்துல மிச்சம் பிடிச்சோம். கொடுக்க வக்கில்லாத மனுஷன்கிட்ட இலவசமா வாங்கிக்கிட்டோம். கணக்கு முழுக்கத் தலைகீழ்.

இதை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னா ரெண்டு பதில் வருது. ஒண்ணு, 'டூரிஸ்ட் போனாலே அந்த நாட்டுக்கு நல்லதுதானே?' ஆமா, செலவு பண்ணினா. செலவே பண்ணாமப் போறதைப் பெருமையா சொல்லிக்கிட்டே இந்த வாதத்தையும் பேச முடியாது. ரெண்டாவது கொஞ்சம் கஷ்டமானது: 'அவர் அன்பா செஞ்சதுக்கு நீங்க மீட்டர் போடுறீங்களே?' இதுக்கு எங்ககிட்ட முழு பதில் இல்ல. காசை நீட்டினப்போ அவர் முகம் சுருங்கினதை நாங்களே பார்த்தோம். விருந்தோம்பலுக்கு பில் போட்டா அது விருந்தோம்பல் இல்லதான். ஆனா வாங்கிக்கிறவனுக்குன்னும் ஒரு மரியாதை இருக்கு. அடுத்தவங்க வீட்டுக்கு வெறுங்கையோட போகாதேன்னு எல்லா அம்மாவும் சொல்லித்தான் வளர்த்தாங்க. அரை டஜன் வாழைப்பழமாவது, ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது. ஒரு நாட்டுக்குப் போறப்போ மட்டும் அது எப்படி மறந்து போச்சு? அந்த வருஷம் அங்கே பால்மாவு தங்க விலை. எங்க பையில இடமும் இருந்துச்சு. மூணு பேரும் ஆளுக்கு ஒரு பாக்கெட் கொண்டுபோயிருந்தா, காசை நீட்டிச் சங்கடப்படுத்தாம 'வீட்டுல பிள்ளைங்களுக்கு'ன்னு கொடுத்திருக்கலாம். அதுக்குப் பதிலா நாங்க கொண்டுபோனது கோ-ப்ரோ.

எங்க மூணு பேர்ல ஒருத்தி பொண்ணு. அவ சொன்னதையும் எழுதிடுறோம். லிஃப்ட் சீக்கிரம் கிடைச்சதுக்குக் காரணமே அவதான். பெண் இருக்கிற கூட்டத்தைப் பார்த்தா குடும்பத்தோட வர்ற வண்டி நிக்கும். நாங்க ரெண்டு பேரும் வண்டி நின்னதும் ஓடுவோம். அவ ஓடமாட்டா. உள்ளே யார் இருக்காங்க, கதவு எந்தப் பக்கம், நம்பர் என்னன்னு பார்த்துட்டுத்தான் காலை எடுத்து வைப்பா. 'நீங்க ரெண்டு பேரும் ஊர் பாத்துட்டு வந்தீங்க. நான் வண்டி நம்பர் பாத்துட்டு வந்தேன்'ன்னா. ஹிட்ச்ஹைக்கிங் பத்தி எழுதுற ஆம்பளைங்க யாரும் இந்தச் செலவை கணக்குல சேர்க்கிறதில்ல.

குகைக் கோயிலுக்கும் போனோம், அதுக்கு டிக்கெட் வாங்கிட்டுத்தான். அஞ்சு குகை, நூத்தி ஐம்பத்து மூணு புத்தர் சிலை, நடுவுல விஷ்ணுவும் நிக்கிறார். 1991லேருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. கதை சொன்ன வழிகாட்டி, கிறிஸ்து பிறக்கிறதுக்கு முந்தின நூற்றாண்டுல வலகம்பா ராஜா அநுராதபுரத்தை விட்டு ஓடி வந்து பதினாலு வருஷம் ஒளிஞ்சு வாழ்ந்தது இந்தப் பக்கத்துலதான்னார். யாருக்குப் பயந்து? தென்னிந்தியாவிலிருந்து வந்து அநுராதபுரத்தைப் பிடிச்ச தமிழர்களுக்கு. திரும்பவும் ஆட்சியைப் பிடிச்சதும் நன்றிக்குக் கட்டினதாம் இந்தக் கோயில். 'நீங்க எங்கேருந்து?'ன்னார். மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். 'தமிழ்நாடு.' வாய்விட்டுச் சிரிச்சுட்டு சொன்னார், 'இப்ப டிக்கெட் வாங்கிட்டு வர்றீங்க, பரவாயில்ல.'

சிரிச்சுட்டு வந்துட்டோம். ஆனா இதே ஊர்ல 2012 ஏப்ரல் 20ஆம் தேதி, புனித பூமிக்குள்ள இருக்குன்னு சொல்லி ஒரு பள்ளிவாசலுக்குள்ள பிக்குகள் தலைமையில கூட்டம் புகுந்துச்சு. பக்கத்துல இருந்த காளி கோயில் அடுத்த வருஷம் இடிக்கப்பட்டுச்சு. இதைப் பத்தி டீக்கடை முதலாளிகிட்ட கேட்டோம். 'டீ ஆறுது தம்பி, குடிங்க'ன்னார். அவ்வளவுதான். நாங்க மூணு நாள்ல கிளம்பிடுவோம், அவர் அங்கேயே கடை வெச்சிருக்கணும். கேட்டிருக்கவே கூடாதுன்னு அப்புறம் தோணுச்சு.

மறுநாள் வடக்கே கிளம்பினோம். ஏ9ல கையை நீட்டினா ஒரு வான் நின்னுச்சு. ஒரு குடும்பம், யாழ்ப்பாணத்துக்குக் கல்யாணத்துக்குப் போறாங்க. கெக்கிராவ, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சின்னு பாட்டும் முறுக்குமா போச்சு நேரம். யாழ்ப்பாணத்துல நாங்க தங்கின வீட்டு அக்கா 'எப்பிடி வந்தனீங்கள்?'னு கேட்டாங்க. 'லிஃப்ட்தான்க்கா. ஒரு வெள்ளை வான் நின்னுச்சு, ஏறிட்டோம்.'

அக்கா கையில இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில வெச்சாங்க. 'வெள்ளை வானிலயோ?'

அந்த ரெண்டு வார்த்தைக்கு அந்த நாட்டுல என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாம இல்ல. யுத்த காலத்துலயும் அதுக்குப் பிறகும் ஆளைக் கடத்திட்டுப் போனது வெள்ளை வான்லன்னு எத்தனையோ படிச்சிருக்கோம், இதே தளத்துல எழுதியும் இருக்கோம். வண்டி நின்னப்போ அது ஞாபகத்துக்கே வரல. வராததுக்குக் காரணம் எங்க பையில இருந்த நீல பாஸ்போர்ட். அதே முகம், அதே மொழி, அதே ரோடு. இருபது வருஷத்துக்கு முன்னாடி எங்க வயசுல ஒரு வவுனியாப் பையன் தம்புள்ளையில ரோட்டோரமா பையை மாட்டிக்கிட்டு நின்னிருந்தா, முதல்ல நிக்கிற வண்டி லிஃப்ட் கொடுக்கிற வண்டியா இருந்திருக்காது. அடையாள அட்டை எங்கே, எந்த ஊர், ஏன் இங்கே நிக்கிறேன்னு ஆரம்பிச்சிருக்கும். 2006 ஆகஸ்ட்லேருந்து 2009 வரைக்கும் இந்த ஏ9 ரோடே மூடிக் கிடந்துச்சு. முன்பின் தெரியாத ஆளை நம்பி ஏறுறதுதான் ஹிட்ச்ஹைக்கிங்கோட அழகுன்னு சொல்றோம். அந்த நம்பிக்கையும் எல்லாருக்கும் ஒரே விலைக்குக் கிடைக்கிற சரக்கு இல்ல.

திரும்பி வந்து ஆறு மாசம் கழிச்சு ஒரு செய்தி. 2023 ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைப்பயணம் கிளம்பியிருக்கு. மலையகத் தமிழர்கள் அந்த நாட்டுக்குப் போய் 200 வருஷம் ஆனதை நினைச்சு. மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியா ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளை. ரூட் மேப்பைப் பார்த்ததும் வாயடைச்சுப் போச்சு. நாங்க 'எக்ஸ்ப்ளோர்' பண்ணின ரோடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல காப்பித் தோட்ட வேலைக்கு நம்ம ஊர் ஜனம் கூட்டம் கூட்டமா நடந்துபோன வழி இது. திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்கள்லேருந்து பஞ்சத்துக்குக் கிளம்பி, தோணியில மன்னார்க் கரை இறங்கி, காடு வழியா தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை. காலராவுலயும் பசியிலயும் வழியிலேயே விழுந்தவங்க ஏராளம். தெரியாத நாடு, பாஷை தெரியாது, கையில காசு கிடையாது, முதுகுல மூட்டை. பேக்பேக்கிங்னு நாம இங்கிலீஷ்ல சொல்றதை அவங்க வயித்துக்காகச் செஞ்சாங்க. அவங்களோட அந்த நடைக்கும் செலவு எழுதப்பட்டுச்சு. கங்காணி கொடுத்த வழிச் செலவு, சோறு எல்லாம் அவங்க பேர்லயே கடனா ஏறி, வேலைக்குச் சேர்ற அன்னைக்கே கடன்காரங்களா ஆனாங்க. சுதந்திரம் வந்த உடனே 1948 சட்டம் குடியுரிமையைப் பறிச்சுது. 1964ல சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்குன்னு பிரிச்சாங்க. அப்படி வந்தவங்களை கூடலூர்லயும் கோத்தகிரியிலயும் நம்ம ஜனம் 'சிலோன்காரங்க'ன்னே கூப்பிட்டுச்சு. எங்கள்ல ஒருத்தன் கோத்தகிரிக்காரன். அவன் ஸ்கூல்ல பின் பெஞ்சுப் பையனை அப்படிக் கூப்பிட்டிருக்கான். அதை இந்தக் கட்டுரையில எழுதணும்னு அவனே சொன்னான்.

இன்னொரு பயணமும் எங்க பயணத்துக்குப் பக்கத்துல வந்து நிக்குது. 2022 மார்ச் 22ஆம் தேதி மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்துலேருந்து பதினாறு பேர் படகுல தனுஷ்கோடிப் பக்கம் வந்து சேர்ந்தாங்க, கைக்குழந்தையோட. அரிசி வாங்க முடியல, பால்மாவு கிடைக்கலன்னு சொன்னாங்க. சிலரைப் படகுக்காரன் மணல் திட்டுலயே இறக்கிவிட்டுட்டுப் போயிருந்தான். முதல்ல விசாரணை, அப்புறம் மண்டபம் முகாம். பின்னாடியும் பலர் வந்தாங்க. அந்த மே மாசம் தமிழ்நாடு அரசு அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பல்ல அனுப்புச்சு. 40,000 டன் அரிசின்னு அறிவிப்பு, நாங்களும் பெருமைப்பட்டோம். ஆனா அதே கடலைத் தாண்டி நாங்க போனா சுற்றுலா, அவங்க வந்தா ஊடுருவல். அவங்க கட்டின படகுக் கூலி எங்க விமான டிக்கெட்டை விட அதிகமா இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டோம்.

அப்போ போகவே கூடாதான்னு கேட்டா, போகணும். தமிழ்நாட்டுல இலங்கைன்னா யுத்தம், இல்லாட்டி ராமாயண டூர், ரெண்டே பெட்டிதான் இருக்கு. ரோட்டோரமா நின்னு, முதலாளிகிட்ட டீ குடிச்சு, நாட்டாமியைப் பார்த்தாத்தான் அந்தப் பெட்டி உடையும். லிஃப்ட் கேட்கிறதும் தப்பில்ல. எப்படியும் அந்தப் பக்கம் போற லாரியில ஏறுறதும், ஒரு ஆளை அவர் வழியை விட்டு விலக வைக்கிறதும் ஒண்ணு இல்லைங்கிறதுதான் எங்க வாதம். சந்தி வந்ததும் 'போதும், இங்கேயே இறங்கிக்கிறோம்'னு நாங்க சொல்லியிருக்கணும். சிவப்பு நிற அரசு பஸ் ஊர் ஊருக்கு ஓடுது, டிக்கெட் நம்ம காசுல கட்டுபடியாகுது. அதுல நின்னுக்கிட்டுப் போனாலும் ஊர் தெரியத்தான் செய்யும். பேரம் பேசுறதை எல்லைக்கு இந்தப் பக்கமே விட்டுட்டுப் போகலாம். தேங்காய் விக்கிற அம்மாகிட்ட இருபது இலங்கை ரூபாய் குறைச்சு வாங்கினதை வெற்றியா சொன்ன ஒரு வீடியோவைப் பார்த்தோம். அது நம்ம காசுக்குச் சில ரூபாய்தான். முக்கியமா, 'சீப்'ங்கிற வார்த்தையை ஒரு நாட்டுப் பேருக்கு முன்னாடி போடாதீங்க. அந்த வார்த்தை அங்கேயும் படிக்கப்படுது.

கடைசி லிஃப்டைச் சொல்லிட்டு முடிச்சுக்கிறோம். யாழ்ப்பாணத்துலேருந்து தம்புள்ளைச் சந்தைக்குத் திரும்புற லாரி. பின்னாடி சின்ன வெங்காயமும் வாழைக்குலையும். டிரைவர் சிங்களவர், பதினஞ்சு வருஷமா இதே ரூட், சந்தைத் தமிழ் நல்லாவே வரும். சிங்களத்துல அண்ணனை 'அய்யா'ன்னு கூப்பிடணும்னு அதுக்குள்ள கத்துக்கிட்டிருந்தோம், அப்படித்தான் கூப்பிட்டோம். வவுனியாவுல நிறுத்தி சாப்பிட்டப்போ பில்லை நாங்க முந்திக் கொடுத்தோம், அதுக்கு அவர் ஒண்ணும் சொல்லல. மதவாச்சி தாண்டி ரெண்டு பக்கமும் இருட்டு. கிளீனர் பையன் தூங்கிட்டான். ரொம்ப நேரம் பேசாம ஓட்டிக்கிட்டிருந்தவர் திடீர்னு கேட்டார்.

'தம்பி, நானும் ஒரு நாளைக்கு உங்கட ஊருக்கு வரணும். மதுரை பாக்க ஆசை. இப்பிடி ரோட்டுல நின்டு கையக் காட்டினா நிப்பாட்டுவாங்களா?'

மூணு பேரும் ஒரே நேரத்துல 'நிப்பாட்டுவாங்க அய்யா'ன்னோம். அவர் ஹாரனை ஒரு தடவை அடிச்சுட்டு கியரை மாத்தினார். அதுக்கப்புறம் தம்புள்ளை வர்ற வரைக்கும் எங்க மூணு பேருக்கும் தூக்கம் வரல.